எந்த வேகத்தில் நேர்? பழைய பனிவண்டிகளின் பெல்ட் அலைன்மென்ட் பற்றிய தீராத வழக்கு

பழைய ஸ்னோமொபைல் ஒன்றைப் புதுப்பிக்க உட்காருபவர்கள், கார்புரேட்டரைக் கழுவி, சீட்டைத் தைத்து, பெயின்ட் அடித்து முடித்தபின் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறார்கள். இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு புல்லி இருக்கிறது. அதற்குப் பின்னால், ஓரடிக்கும் குறைவான தூரத்தில், இன்னொரு புல்லி. இரண்டையும் சுற்றி அகலமான ரப்பர் பெல்ட். இந்த இரண்டு புல்லிகளும் ஒன்றுக்கொன்று எப்படி நிற்க வேண்டும்?

இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும் என்பது முதல் விடை. தொழிற்சாலை குறித்த அளவுக்கு விலகி நிற்க வேண்டும் என்பது இரண்டாவது. வேண்டுமென்றே சற்றுக் கோணலாக வைக்க வேண்டும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. பின்புல்லியைக் கட்டிப்போடாமல் விட்டால் அதுவே தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று இன்னொரு தரப்பு. பழைய புல்லிகளைக் கழற்றிவிட்டு இன்றைய கிளட்ச் (இந்தப் புல்லி அமைப்பின் வழக்குப் பெயர்) ஒன்றைப் போடுவதே புத்திசாலித்தனம் என்போரும் உண்டு. அது வண்டியைக் கொல்வதற்குச் சமம் என்று அவர்களோடு மல்லுக்கட்டுவோரும் உண்டு. ஒவ்வொரு விடையும் ஏதோ ஓர் இடத்தில் பலித்திருக்கிறது. ஆகவே, எது சரி என்று கேட்பதைவிட, ஒவ்வொன்றும் வண்டியின் எந்த நிலையை மனத்தில் வைத்துப் பேசுகிறது என்று பார்ப்பது பயனுள்ளதாக இருக்கக்கூடும்.

## இரண்டு புல்லி, ஒரு பெல்ட்

பனியில் இயந்திர வண்டி ஓட்டும் முயற்சி பழையது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துச் சேனர் என்ற சிற்றூரில் கார்ல் எலியாசன் 1924ல் மோட்டார் பொருத்திய சறுக்குப் பலகை ஒன்றைச் செய்தார். கனடாவின் கியூபெக் மாகாணத்து வால்கூர்ட்டில் ஜோசப்-அர்மான் பொம்பார்டியே 1930களில் பலர் ஏறிச் செல்லும் பனி வாகனங்களை உருவாக்கினார். 1934 குளிர்காலத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியின்றி அவருடைய இரண்டு வயது மகன் இறந்தது அந்த முயற்சியைத் தீவிரப்படுத்தியதாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்வார்கள். ஆனால் இன்று ‘பழைய பனிவண்டி’ என்று சேகரிப்பாளர்கள் சொல்வது பெரும்பாலும் 1959ல் வந்த ஸ்கி-டூவுக்குப் பிந்தைய சிறு வண்டிகளைத்தான். மினசோட்டாவின் ரோசோ ஊரில் போலாரிஸ், தீஃப் ரிவர் ஃபால்ஸில் ஆர்க்டிக் கேட், ஜப்பானிலிருந்து 1968ல் யமஹா என்று வரிசை நீண்டது. 1970களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் தயாரிப்பாளர்கள் நூற்றுக்கும் மேல். ஆண்டு விற்பனை ஏறத்தாழ ஐந்து லட்சத்தைத் தொட்டது. 1980களின் நடுவில் எஞ்சிய பெரிய பெயர்கள் நான்கு. மற்றவை மறைந்தன, அவற்றோடு அவற்றின் அளவுகோல்களும், கையேடுகளும், உதிரிப் பாகங்களும் போயின. இந்த மறைவு நம் கேள்வியோடு நெருங்கிய தொடர்புடையது.

இந்த வண்டிகளில் கியர்பாக்ஸ் கிடையாது. இன்ஜின் சுழலச் சுழல, முன்புல்லியில் உள்ள எடைகள் வெளிநோக்கி வீசப்பட்டு, கூம்பு வடிவத் தட்டு ஒன்றை மற்றொன்றை நோக்கித் தள்ளுகின்றன. நடுவில் மாட்டிய பெல்ட் மேலேறுகிறது. பெல்ட்டின் நீளம் மாறாது. எனவே பின்புல்லியின் தட்டுகள் விரிந்து பெல்ட்டை உள்ளே இறங்க விடுகின்றன. பின்புல்லியில் ஒரு ஸ்பிரிங்கும் சாய்வான கேமும் இருக்கும். ஏற்றத்தில் சுமை கூடும்போது அவை தட்டுகளை மீண்டும் இறுக்கி, பெல்ட்டை மேலே தள்ளும். அமெரிக்காவில் சால்ஸ்பரி ஸ்கூட்டர்கள் 1930களின் இறுதியிலும், நெதர்லாந்தில் டாஃப் நிறுவனத்தின் கார் 1958லும் இந்த வழியைக் கையாண்டன. பின்புல்லி உட்கார்ந்திருக்கும் ஜாக்‌ஷாஃப்ட் வண்டியின் குறுக்கே மறுபக்கம் போய், செயின்கேஸ் என்ற பெட்டிக்குள் ஒரு செயினைச் சுழற்றும். அந்தச் செயின் கீழே உள்ள ஷாஃப்டைச் சுழற்ற, அதிலுள்ள பற்சக்கரங்கள் ரப்பர் டிராக்கை இழுக்கும்.

நம் ஊர்க் கியரில்லா ஸ்கூட்டரிலும் உள்ளது இதே பெல்ட், இதே இரட்டைப் புல்லி. ஆனால் ஸ்கூட்டர் மெக்கானிக் யாரும் அலைன்மென்ட் பற்றிக் கவலைப்படுவதில்லை. காரணம், ஸ்கூட்டரில் இன்ஜினும் பின்புல்லியும் ஒரே அலுமினிய வார்ப்புக்குள் அடங்கியவை. நேர் என்பதைத் தொழிற்சாலை அச்சு ஒருமுறை தீர்த்துவிடுகிறது. பனிவண்டியில் இன்ஜின் தனியாக ஒரு தகட்டின்மேல், பெரும்பாலும் ரப்பர் மவுன்ட்களில் நிற்கிறது. ஜாக்‌ஷாஃப்டோ, ரிவெட் அடித்துச் சேர்த்த தகட்டுச் சுரங்கத்தில் தொங்குகிறது. இரண்டுக்கும் இடையிலான உறவைப் பிடித்து வைத்திருப்பவை சில போல்ட்டுகளும் அவற்றின் துளைகளும்தான். ஐம்பது குளிர்காலத்துக்குப் பிறகு அந்தத் துளைகள் வட்டமாக இருப்பதில்லை.

## நேர்க்கோல் தரப்பு

மிகப் பழைய விடை இதுதான். நேரான இரும்புப் பட்டை ஒன்றை முன்புல்லியின் முகத்தில் சாய்த்து, பின்புல்லியின் முகத்தையும் அது முழுவதும் தொடுகிறதா என்று பார். தொட்டால் சரி. தொடவில்லையென்றால் இன்ஜின் போல்ட்டுகளைத் தளர்த்தித் தட்டிச் சரிசெய், அல்லது பின்புல்லிக்குப் பின்னால் ஒரு ஷிம் (மெல்லிய இடைத்தகடு) சேர்.

இந்த வழக்கம் பனிவண்டிக்காகப் பிறந்ததில்லை. ஆலைகளில் கூரையில் ஓடும் ஒரே ஷாஃப்டிலிருந்து பல எந்திரங்களுக்குத் தோல் பெல்ட் இறங்கிய காலத்து நடைமுறை இது. 1917ல் ஜான் கேட்ஸ் ரப்பர் வி-பெல்ட்டைக் கொண்டுவந்த பிறகும் அது தொடர்ந்தது. நிலையான விட்டம் உள்ள புல்லிகளுக்கு அது முற்றிலும் பொருந்தும். தொழிற்சாலைகளின் சாதாரண வி-பெல்ட் இயக்கங்களுக்கு இன்றும் சொல்லப்படும் வரம்பு ஏறத்தாழ அரை டிகிரி. முதல் தலைமுறைப் பனிவண்டி மெக்கானிக்குகளில் பலர் பண்ணை எந்திரங்களைப் பழுது பார்த்தவர்கள். கையில் இருந்த கோலையே அவர்கள் எடுத்ததில் வியப்பில்லை.

இந்தத் தரப்பின் பலவீனம் இரண்டு. முதலாவது சிறியது: முன்புல்லியும் பின்புல்லியும் ஒரே தடிமனில் செய்யப்பட்டவை அல்ல. வெளிமுகங்கள் நேராக நின்றால் உள்ளே ஓடும் பெல்ட்டும் நேராக நிற்கிறது என்று கொள்ள முடியாது. இரண்டாவதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும்.

## கணக்கு காட்டும் சங்கடம்

இரண்டு புல்லிகளிலும் ஒரு பக்கத் தட்டு மட்டுமே நகரும். முன்புல்லியில் வெளிப்பக்கத் தட்டு நகர்ந்தால், பின்புல்லியில் உள்பக்கத் தட்டு நகரும்படி அமைத்திருப்பார்கள். இந்த எதிரெதிர் அமைப்பால், வேகம் கூடும்போது பெல்ட் முழுவதும் ஒரே பக்கமாகப் பெயர்கிறது. கருத்து நல்லது. ஆனால் இரண்டு முனைகளிலும் அது ஒரே அளவு பெயர்வதில்லை.

ஒரு மாதிரி வண்டியை எடுத்துக்கொள்வோம். புல்லி மையங்களுக்கு இடையே 267 மி.மீ., அதாவது பத்தரை அங்குலம். கூம்பின் சாய்வு பக்கத்துக்கு 13 டிகிரி. வண்டி கிளம்பும்போது பெல்ட் முன்புல்லியில் 35 மி.மீ. ஆரத்திலும் பின்புல்லியில் 125 மி.மீ. ஆரத்திலும் ஓடுகிறது. இதற்கு வேண்டிய பெல்ட்டின் நீளம் சுமார் 1,067 மி.மீ. வேகம் கூடி, இரண்டு ஆரங்களும் சமமாகும் நிலைக்கு வரும்போது அதே நீளத்துக்கு இரண்டு பக்கமும் ஏறத்தாழ 85 மி.மீ. ஆகவேண்டும். அதாவது முன்புறத்தில் பெல்ட் 50 மி.மீ. ஏறியிருக்கிறது, பின்புறத்தில் 40 மி.மீ.தான் இறங்கியிருக்கிறது. இந்தப் பத்து மி.மீ. வித்தியாசம், 13 டிகிரிச் சாய்வில், பக்கவாட்டில் 2.2 மி.மீ. விலகலாக மாறுகிறது.

267 மி.மீ. தூரத்தில் 2.2 மி.மீ. என்பது கிட்டத்தட்ட அரை டிகிரி. ஆலைப் பெல்ட்டுக்கு அனுமதிக்கும் முழு வரம்பையும் இந்த இயக்கத்தின் வடிவமே தின்றுவிடுகிறது. மெக்கானிக்கின் பிழைக்கு மிச்சம் எதுவும் இல்லை. (அகலமான மாறுவேகப் பெல்ட்டுக்கு அந்த வரம்பை அப்படியே பொருத்துவது சரியா என்பது தனிக் கேள்வி. ஒப்பீட்டுக்காக மட்டும் இங்கே.)

இன்னும் சுவையானது, விலகல் எங்கே சேர்கிறது என்பது. அதே மாதிரியில் முன்பக்க ஆரம் 35லிருந்து 60 மி.மீ. ஆகும்போதே பின்பக்கம் 107க்கு இறங்கி, 1.6 மி.மீ. விலகல் வந்துவிடுகிறது. சம ஆரத்தில் 2.2. அதற்கும் மேலே போய் முன்பக்கம் 100, பின்பக்கம் 68.5 என்று ஆகும்போது சற்றுக் குறைந்து ஏறத்தாழ 2 மி.மீ.யில் நிற்கிறது. ஆக, கிளம்பும் நேரத்தில் பெல்ட் ஒரு கோட்டில் ஓடுகிறது. மற்ற நேரம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவு தள்ளிய வேறொரு கோட்டில் ஓடுகிறது.

வண்டி நிற்கும்போது கோலை வைத்துப் பார்ப்பவர், கிளம்பும் கணத்துக்கு வண்டியை நேராக்குகிறார். பெல்ட் அந்த நிலையில் இருப்பது சில நொடிகள். இந்த ஒரு காரணத்துக்காகவே நேர்க்கோல் தரப்பை முழு விடையாக ஏற்பது கடினம். ஆனாலும் அதை அடியோடு தள்ளவும் முடியாது. கிளம்பும்போதுதான் முன்புல்லியில் பெல்ட் மிகச் சிறிய வட்டத்தில் வளைகிறது. மிகுதியாக வழுக்குவதும் சூடேறுவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் நேராக இருப்பது முக்கியமா, நீண்ட ஓட்டத்தில் நேராக இருப்பது முக்கியமா? இந்த இடத்தில் எளிய கேள்வி இரண்டாகப் பிளக்கிறது.

## கையேட்டின் எண்

இரண்டாவது தரப்பு இந்தச் சங்கடத்தைத் தொழிற்சாலையின் தலையில் போட்டுவிடுகிறது. தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேட்டில், முன்புல்லியின் நிலையான தட்டுக்கும் பின்புல்லிக்கும் இடையே இருக்க வேண்டிய பக்கவாட்டு விலகல் இத்தனை என்று ஓர் எண் இருக்கும். அதைச் சரிபார்க்க, அந்த மாடலுக்கென்றே படிகட்டி வெட்டிய இரும்புப் பட்டை ஒன்றை டீலர்கள் வைத்திருந்தார்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பட்டையை முன்புல்லியின் தட்டுகளுக்கு நடுவே செருகி, மறுமுனை பின்புல்லியில் சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பார்கள். மையத்தொலைவுக்குத் தனி எண் உண்டு. பெல்ட்டின் நடுவில் அழுத்தினால் எவ்வளவு தாழ வேண்டும் என்பதற்கும் உண்டு. பல வண்டிகளில் அது ஒன்றேகால் அங்குலத்தை, அதாவது 32 மி.மீ.யை ஒட்டி வரும்.

இந்த எண்ணுக்குள் மேலே பார்த்த கணக்கும், தட்டுகளின் தடிமனும், வடிவமைப்பாளர் எந்த வேகத்துக்கு முன்னுரிமை கொடுத்தார் என்பதும் அடங்கியிருக்கின்றன. அதுவே இதன் பலம். கையேடு எண்ணைத் தருகிறது, காரணத்தைத் தருவதில்லை, அதுவே பலவீனமும். காரணம் தெரிந்தால், நிலைமை மாறும்போது எண்ணை எந்தப் பக்கம் திருத்துவது என்றும் தெரிந்திருக்கும்.

நிலைமை மாறித்தான் இருக்கிறது. பெல்ட்டையே எடுத்துக்கொள்வோம். பெல்ட்டின் அகலம் 1 மி.மீ. குறைந்தால், 13 டிகிரிச் சாய்வில் அது பின்புல்லிக்குள் 2 மி.மீ.க்குச் சற்று மேல் இறங்கி உட்காரும். அதே ஆரத்தில் ஓடும் நிலைகளிலோ, அதன் நடுக்கோடு பக்கவாட்டில் அரை மி.மீ. நகரும். அன்றைய பெல்ட் இன்று கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கிடங்கில் நாற்பது ஆண்டு கிடந்து ரப்பர் வறண்டுபோன பெல்ட்டை நம்பிப் பனிக்காட்டுக்குள் போகக் கூடாது. புதிய மாற்றுப் பெல்ட் ‘அதே அளவு’ என்று விற்கப்பட்டாலும், அகலத்திலும் நீளத்திலும் பக்கச் சாய்விலும் சிறு வேறுபாடுகள் இருப்பது இயல்பு. இரண்டாவதாக, முன்னரே சொன்னதுபோல, நூற்றுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களில் பெரும்பாலோர் மறைந்துவிட்டார்கள். சில ஆண்டுகளே தயாரிப்பில் இருந்த ஒரு பெயருக்குப் பட்டையும் கையேடும் தேடுவது தனித் துன்பம். அவர்களில் பலர் இன்ஜினையும் கிளட்சையும் வெளியில் வாங்கிப் பொருத்தியவர்கள். எனவே அதே கிளட்ச் போட்ட இன்னொரு வண்டியின் எண்ணைக் கடன் வாங்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இன்ஜின் மவுன்ட்களும் மையத்தொலைவும் வேறாக இருக்கும்போது அந்தக் கடன் எவ்வளவு செல்லும் என்பது கேள்விக்குரியது.

இவ்வளவுக்குப் பிறகும், கையேடு கிடைத்தால் அதிலிருந்து தொடங்குவதே நியாயம் என்று தோன்றுகிறது. தெரியாத ஒருவர் யோசித்து எழுதிய எண், தெரிந்த ஒருவர் கண்மதிப்பில் சொல்லும் எண்ணைவிட மேல்.

## முன்கூட்டியே வைக்கும் கோணல்

மூன்றாவது தரப்பு ஓட்டப் பந்தயத்தோடு வளர்ந்தது. விஸ்கான்சினின் ஈகிள் ரிவரில் 1964 முதல் பனிவண்டிப் பந்தயங்கள் நடக்கின்றன. முழு வேகத்தில் சுற்றும் வண்டியில் பெல்ட் கிழிந்தால் பந்தயம் போச்சு. ஆகவே, நிற்கும் வண்டி எப்படி இருக்கிறது என்பதைவிட இழுக்கும் வண்டி எப்படி வளைகிறது என்பதை இவர்கள் கவனித்தார்கள்.

காரணம் எளிது. முன்புல்லி இன்ஜினுக்கு வெளியே ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. பெல்ட்டின் இழுவிசை அதைப் பின்னோக்கி இழுக்கிறது. இன்ஜின் ரப்பர் மவுன்ட்களில் நிற்பதால், புல்லி உள்ள பக்கம் பின்னால் நகர, மறுபக்கம் நிற்க, மேலிருந்து பார்த்தால் இன்ஜின் முழுவதும் சற்றுத் திரும்புகிறது. நிற்கும்போது இணையாக இருந்த இரண்டு புல்லிகள், ஆக்சிலேட்டரை அழுத்தியதும் இணையாக இருப்பதில்லை. எனவே நிற்கும்போதே எதிர்ப்பக்கம் கொஞ்சம் கோணலாக வைத்தால், இழுக்கும்போது நேராகிவிடும். தொழிற்சாலைகளும் இதை ஏற்றுக்கொண்டன. ஸ்கி-டூ கையேடுகளில், பட்டையின் இரு முனைகளில் எடுக்கும் அளவுகளில் ஒன்று மற்றதைவிட ஒரு மி.மீ. சுற்றளவில் எப்போதும் கூடுதலாக இருக்க வேண்டும் என்ற குறிப்பு உண்டு. பின்னாளில் சில வண்டிகளில், இன்ஜின் பின்னால் திரும்புவதைத் தடுக்க ரப்பர் முனை கொண்ட தடைக்கம்பி ஒன்றும் வந்தது.

கொள்கை அளவில் இதை மறுக்க முடியாது. தகராறு அளவில்தான். கோணல் எவ்வளவு வேண்டும் என்பது மவுன்ட் ரப்பர் எவ்வளவு இளகும் என்பதைப் பொறுத்தது. பழைய ரப்பர் எண்ணெய் குடித்துப் பஞ்சாக இருக்கலாம். இறுகிக் கல்லாகவும் இருக்கலாம். பஞ்சான மவுன்டுக்கு ஒரு மி.மீ. போதாது, கல்லானதற்கு ஒரு மி.மீ. மிகை. புதிதாக வாங்கிப் போடும் மவுன்ட், மூலத்தின் அதே கடினத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. முதல் தலைமுறையின் சிறிய ஒற்றை சிலிண்டர் வண்டிகளுக்கு இந்தப் பாடம் எவ்வளவு பொருந்தும் என்பதும் ஐயமே. இழுவிசையே குறைவாக உள்ள இடத்தில், பெரிய இன்ஜினுக்குச் சொன்ன கோணலை வைத்தால், அது கடைசிவரை கோணலாகவே நிற்கும்.

## மிதக்க விடும் தரப்பு

நான்காவது விடைக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. பின்புல்லியை ஜாக்‌ஷாஃப்டில் இறுக்காமல், வாஷர்களுக்கு இடையே சிறிது முன்பின் நகர விட்டால், பெல்ட் அதைத் தனக்கு வேண்டிய இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். சில தயாரிப்புகள் இப்படியே வடிவமைக்கப்பட்டன. மற்றவை இறுக்கிக் கட்டின. கணக்கு காட்டிய 2.2 மி.மீ. சங்கடத்துக்கு இது மிக அழகான தீர்வு, காகிதத்தில்.

நடைமுறையில், கோடை முழுவதும் கொட்டகையில் நின்ற வண்டியின் ஜாக்‌ஷாஃப்டைத் துடைத்துப் பார்த்தால் கதை தெரியும். புல்லி உட்கார்ந்திருந்த இடத்தில் செம்பழுப்பு வளையம்; அதன் ஓரத்தில் சாவிப் பள்ளத்தை ஒட்டிய தேய்மானம், நகத்தை ஓட்டினால் தட்டும் அளவுக்கு. மிதக்க வேண்டிய புல்லி துருவில் ஒட்டி, ஏதோ ஓர் இடத்தில் நின்றுபோயிருக்கிறது. கிரீஸ் தடவலாம், மிகுதியாகத் தடவினால் அது பெல்ட்டில் தெறிக்கும். பெரிய சுமையில் தட்டுகளின் இறுக்கமே புல்லியைப் பிடித்துக்கொண்டு நகர விடாது என்ற வாதமும் உண்டு. மிதவை, நேர்ப்படுத்தலுக்கு மாற்றாக வர இயலாது. அதன் பிழையைக் கொஞ்சம் மன்னிக்கும், அவ்வளவே.

## மாற்றுக் கிளட்சும் பட்டயமும்

இதுவரை பார்த்தவை எந்திரத் தகராறுகள். ஐந்தாவது தரப்பு வேறு வகை. தேய்ந்த பழைய கிளட்சோடு போராடாமல், உதிரிச் சந்தையில் கிடைக்கும் பொதுவகைக் கிளட்ச் ஒன்றைப் போட்டு, அதற்கேற்ற பெல்ட்டும் மவுன்டும் சேர்த்து, எல்லாவற்றையும் புதிதாக அளந்துவிடலாம் என்கிறது அது. வண்டி ஓடும், பாகம் கிடைக்கும், பனிக்காட்டின் நடுவில் நிற்க வேண்டியதில்லை. மூன்றும் சிறிய பயன்கள் அல்ல.

எதிர்த்தரப்பு இதை மரபுப் பாதுகாப்பின் மொழியில் மறுக்கிறது. கட்டடங்களுக்கு 1964ன் வெனிஸ் பட்டயம் வகுத்த சிந்தனையை ஒட்டி, பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீவா 2013ல் தூரின் பட்டயத்தை வெளியிட்டது. தண்டவாளத்தில் ஓடாத தரை வாகனங்கள் பலவற்றையும் அது தன் வரம்புக்குள் கொள்கிறது. தலையீடு குறைவாக இருக்க வேண்டும், மாற்றிய பாகம் அடையாளம் காணத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அதன் போக்கு. ஆனால் வாகனத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்க அது சொல்லவில்லை. ஓட்டுவதையும் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே காண்கிறது. எனவே இரண்டு தரப்புமே அதைத் தமக்குச் சாதகமாகப் படிக்க முடிகிறது.

அலைன்மென்ட் என்று வரும்போது இந்த விவாதம் எதிர்பாராத கூர்மை பெறுகிறது. சந்தை சூடாக இருந்த ஆண்டுகளில் அவசரமாகப் பூட்டப்பட்ட ஒரு வண்டி, தொழிற்சாலையிலிருந்தே இரண்டு மி.மீ. கோணலாக வந்திருக்கக்கூடும். இன்ஜின் தகட்டின் துளை தவறிய இடத்தில் இருக்கிறது. அதைச் சரிசெய்யத் துளையை நீட்டினால், அன்றைய உற்பத்தி எப்படி நடந்தது என்பதற்கான சான்று அழிகிறது. நீட்டாமல் விட்டால், மாட்டும் ஒவ்வொரு பெல்ட்டும் கரும்பொடியாகிறது. வால்கூர்ட்டில் பொம்பார்டியே பெயரிலுள்ள அருங்காட்சியகமோ, மிச்சிகனின் நாபின்வேயில் உள்ள பனிவண்டி அருங்காட்சியகமோ, நிற்கும் வண்டிக்கு முதல் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லை. ஓட்டுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. துளையைத் தொடாமல், மவுன்டுக்குக் கீழே கழற்றக்கூடிய ஷிம் வைத்துச் சரிசெய்வது இரண்டு பக்கத்தையும் ஓரளவு திருப்திப்படுத்தும் நடுவழி. எல்லா வண்டியிலும் அதற்கு இடம் இருக்காது.

## பெல்ட்டுக்குப் பின்னால்

வாதங்கள் எல்லாம் பெல்ட்டைச் சுற்றியே நடப்பதால், அதற்குப் பின்னாலுள்ளவை அடிக்கடி மறக்கப்படுகின்றன. பின்புல்லியின் நேர் என்பது ஜாக்‌ஷாஃப்டின் நேர்தான். அந்த ஷாஃப்ட் ஒரு முனையில் செயின்கேஸிலும் மறுமுனையில் தகட்டில் பொருத்திய பேரிங்கிலும் நிற்கிறது. பல வண்டிகளில் அந்தப் பேரிங்கை ஷாஃப்டோடு இறுக்குவது மையம் விலகிய ஒரு பூட்டு வளையம். அதைத் தளர்த்தாமல் அலைன்மென்ட் பார்ப்பவர், ஷாஃப்டைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்த நிலையிலேயே அளக்கிறார். வளையத்தைத் தளர்த்தி, ஷாஃப்டைத் தானாக அமர விட்டு, எல்லாம் அளந்து முடித்தபின், சுழலும் திசையிலேயே திருப்பி இறுக்க வேண்டும்.

செயின்கேஸுக்குள் இரண்டு ஸ்பிராக்கெட்டுகளும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்பதை நேர்க்கோல் கொண்டே பார்க்கலாம். இங்கே முதல் தரப்பின் வழி முற்றிலும் செல்லும். டிராக் பின் அச்சின் இரு பக்க போல்ட்டுகளால் நேர்ப்படுகிறது. வண்டியைத் தூக்கி நிறுத்தி மெதுவாகச் சுழற்றி, டிராக் எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கத்தைச் சிறிது இறுக்குவார்கள். கீழ் ஷாஃப்டில் புதிய பற்சக்கரங்களைப் போடுகிறவர்கள், அவற்றின் பற்கள் ஒன்றுக்கொன்று ஒரே கோணத்தில் நிற்கின்றனவா என்று பார்க்காமல் விட்டால், டிராக்கின் இரு பக்கங்களும் வெவ்வேறு நேரத்தில் இழுபட்டு அதிரும். அந்த அதிர்வைப் பெல்ட்டின் குற்றமாக எண்ணி மேலே இருக்கும் புல்லிகளைத் திருத்திக்கொண்டிருப்பது, இந்தத் துறையில் அரிய தவறு அல்ல.

## திறந்திருப்பவை

மேற்சொன்ன தரப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அவை ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடை சொல்வதாகத் தோன்றவில்லை. நேர்க்கோல், கிளம்பும் கணத்தைப் பற்றிப் பேசுகிறது. கோணல் தரப்பு, முழுச் சுமையைப் பற்றி. கையேட்டு எண், பெயர் தெரியாத ஒரு வடிவமைப்பாளர் தேர்ந்த ஏதோ ஒரு நடுநிலையைப் பற்றி. ஒரு வண்டி எல்லா நிலையிலும் நேராக இருக்க இயலாது என்பதைக் கணக்கே காட்டிவிடுகிறது. ஆகவே புதுப்பிப்பவர், அறிந்தோ அறியாமலோ, ஒரு வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்.

அந்தத் தேர்வில் ஒரு மாற்றம் இன்னும் போதிய கவனம் பெறவில்லை என்பது இக்கட்டுரையாசிரியர் கருத்து. 1970ன் வண்டி, முழு ஆக்சிலேட்டரிலும் ஓடும் என்று எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. இன்று அதே வண்டி பெரும்பாலும் ஆண்டுக்குச் சில மணிநேரம், சக பழைய வண்டிகளோடு வரிசையாக, அடிக்கடி நின்று கிளம்பி, மிதவேகத்தில் போகிறது. பயன்பாடு கீழ்வேகத்துக்கு இறங்கியிருக்கும்போது அலைன்மென்ட்டும் அந்தப் பக்கம் சிறிது நகர வேண்டாமா? கணக்கின்படி பார்த்தால் ஆம் என்று வாதாடலாம்: விலகல் வேகமாக மாறும் பகுதியிலேயே வண்டி இப்போது மிகுதியாக ஓடுகிறது. கையேட்டைக் காப்பவர்கள், மூல எண்ணே வண்டியின் அடையாளத்தில் ஒரு பகுதி என்பார்கள். இரண்டும் கேட்கத்தக்க வாதங்கள்.

தேர்வு சரியா என்று சோதிக்க வழி உண்டு. அது விலை குறைந்தது. இரண்டு புல்லிகளின் தட்டுகளிலும் உள்விளிம்பு முதல் வெளிவிளிம்பு வரை மார்க்கரால் கோடு இழுத்து, வழக்கமான வேகத்தில் சிறிது தூரம் ஓட்டிவிட்டு, பெல்ட் எதுவரை அழித்திருக்கிறது, இரண்டு முகங்களிலும் ஒரே சீராக அழித்திருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு பெல்ட்டின் இரு பக்கங்களையும் விரலால் தடவி, ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாகியிருக்கிறதா என்று பார்ப்பது. அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் இரண்டு புல்லிகளின் சூட்டையும் ஒப்பிடலாம். ஆனால் இந்தச் சோதனையும் ஒரு கேள்வியை மிச்சம் வைக்கிறது. ஒரு பக்கம் தேய்ந்த பெல்ட், கோணலைக் காட்டுகிறதா, கரடான தட்டைக் காட்டுகிறதா, இறுகிப்போன கேமைக் காட்டுகிறதா? மூன்றும் ஒரே மாதிரிக் கரும்பொடியைத்தான் கொட்டுகின்றன. தட்டுகளைத் தேய்த்துச் சீராக்கி, கேமின் புஷ்களை மாற்றி, மவுன்ட்களைப் புதுப்பித்த பிறகே அலைன்மென்ட்டைக் குற்றம் சாட்ட முடியும். அந்த வரிசையில் போனவர்களில் எத்தனை பேருக்குக் கடைசியில் இன்ஜின் போல்ட்டைத் தளர்த்த வேண்டி வந்தது என்பதை யாராவது மாடல் வாரியாகக் குறித்து வைக்கத் தொடங்கினால், இந்த வழக்கு ஊகத்திலிருந்து அளவீட்டுக்கு நகரக்கூடும்.